இருபத்தாறாவது வளையம்

புக்கிட் பெருவாங்,
21 ஜனவரி 2024

அன்புத் தம்பி நிவேந்திரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், உன் மச்சான் காந்தன், மகள் ஷாந்தினி மூவரும் சுகம். கோத்தா கினபாலுவில் மழை விடவில்லை என்று போன வாரம் சொன்னாய். இருமல் நின்றதா?

போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து மாமாவின் மகன் வசந்தன் வந்திருந்தான். நம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் செப்டம்பர் பதினைந்தாம் தேதி லூபோக் சீனாவில் ஒன்றுகூடப் போகிறார்களாம். அதற்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். தோட்ட வரலாற்றை வசந்தன்தான் எழுதுகிறான். என்னிடம் படிக்கக் கொடுத்தான். அதில் ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன்: "1998 மார்ச் மாதம் தம்புசாமி என்பவர் கவனமில்லாமல் வைத்த நெருப்பில் ஒன்பது வீடுகள் எரிந்தன. வீரமுத்துவின் துணைவியார் காளியம்மா உயிரிழந்தார்."

அப்பாவின் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் இப்படி. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, செத்தது எங்கம்மா. நான் எப்படிக்கா எடுக்கிறது? ஆதாரம் ஏதாச்சும் இருந்தா கொடுங்க, மாத்தி எழுதறேன்" என்றான்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. அன்றைக்கு மறுநடவுக்காக வெட்டிப்போட்ட பால்மரக் காட்டிலும் புகை இருந்தது. அங்கிருந்து நெருப்பு வந்திருக்கலாம் என்று அப்போதே சிலர் பேசினார்கள். அந்தக் காட்டுக்கும் நம் லயத்து வீடுகளுக்கும் நடுவில் ஒரு தேக்கு வரிசை உண்டு, லாலாங் புல்லைத் தாண்டி. வீடமைப்புக்காக அந்தத் தேக்குகளை இப்போது வெட்டுகிறார்கள். மரத்துக்குள்ளே பழைய நெருப்பின் தழும்பு இருக்கும், எந்த வருடம் என்றுகூடச் சொல்லலாம் என்று நீ ஷாந்தினியிடம் ஒரு தடவை விளக்கினாயே. எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் சொல்ல முடியுமா?

அப்பாவுக்காகக் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
விஜயராணி


கோத்தா கினபாலு,
2 பிப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

நிவேந்திரனின் வணக்கம். இருமல் போய்விட்டது. மச்சானுக்கு முதுகுவலி என்று ஷாந்தினி சொன்னாள், பஸ் ஓட்டும்போது முதுகுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளச் சொல்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சொல்ல முடியலாம். நம் நாட்டு மரங்களில் பலவற்றில் வளையம் ஒழுங்காக விழாது, வருடம் முழுக்க மழை பெய்வதால். தேக்கு அப்படியில்லை. ஜனவரி பிப்ரவரி வறட்சியில் இலை கொட்டி வளர்ச்சியை நிறுத்திவிடும், மழை வந்ததும் மறுபடி தொடங்கும். அதனால் வருடத்துக்கு ஒரு கோடு. நெருப்பு பட்டால் பட்ட இடத்தில் தோலுக்கடியில் உயிர் போய்விடும். அதற்குப் பிறகு வரும் மரம் இரண்டு ஓரத்திலிருந்தும் அந்த இடத்தை மூடிக்கொண்டு வளரும். வெளியே ஒன்றும் தெரியாது. குறுக்கே வெட்டினால் கறுப்பாக உள்ளே இருக்கும்.

வெட்டுகிறவரிடம் பேசி ஆறு மரத்திலாவது வட்டத் துண்டு வாங்கு. முழங்கால் உயரத்தில், மூன்று விரல் கனம். முக்கியமான ஒன்று: மரம் நிற்கும்போதே பால்மரக் காடு இருந்த பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் கோடு போட வேண்டும், துண்டு வரும் இடத்தில். விழுந்த பிறகு போட்டால் பயனில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றாதே, பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்று.

தழும்பு எந்தப் பக்கம் இருந்தால் என்ன பொருள் என்பதை இப்போது எழுதமாட்டேன். கோபப்படாதே. தெரிந்துவிட்டால் கை தானாக ஒரு பக்கம் சாயும், உனக்கும் சரி எனக்கும் சரி.

எனக்கு அந்த நாள் அதிகம் நினைவில்லை. எட்டு வயது. கோயில் கொட்டகையில் யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் இரண்டு கையிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரமாவது பேசட்டும். ஆனால் ஒன்று அக்கா, நாம் கேட்க நினைப்பதைத்தான் அது சொல்லும் என்று இல்லை.

அன்புடன்,
நிவேந்திரன்


புக்கிட் பெருவாங்,
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மச்சானுக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு துண்டுகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. நீ சொன்னபடியே செய்தேன். மூன்று நாள் போனேன். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வெட்டுகிறவர் பாக் ஹாலிம் என்று ஒரு மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும். எதற்கு என்று கேட்டார். என் தம்பி மரம் படித்தவன், பழைய வறட்சியை எல்லாம் இதிலிருந்து கணக்கெடுப்பான் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சாயம் காயும்வரை ரம்பத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்மண்தான். குழாயடிச் சிமெண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் ஏறி நின்றுதான் எது எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபட்டது. மேற்கே காடு, கிழக்கே வீடுகள், நடுவில் காட்டை ஒட்டித் தேக்கு, பிறகு லாலாங். தரை மட்டமாகத்தான் இருக்கிறது, ஏற்ற இறக்கம் இல்லை. உனக்கு அது தேவைப்படுமோ என்று எழுதுகிறேன்.

முதல் மரம் விழுந்ததும் போய்ப் பார்த்தேன். கறுப்பு இருந்தது. என் உள்ளங்கை அகலம். அதைச் சுற்றி மரம் இரண்டு பக்கமும் மடிந்து வந்து மூடியிருந்தது. பாக் ஹாலிம் விரலால் தடவிப் பார்த்து, இது நன்றாகச் சுட்டிருக்கிறது, ஆனாலும் பிழைத்துக்கொண்டது என்றார். அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்பு சிவப்புக் கோட்டுப் பக்கம் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துவிட்டேன். அதற்கு என்ன பொருள் என்பதுதான் தெரியாது. சீக்கிரம் எழுது.

அக்கா


கோத்தா கினபாலு,
12 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. ஒரு துண்டில் மட்டும் சின்ன வெடிப்பு, பாதகமில்லை. நான் நலம். ஷாந்தினிக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சையல்லவா, கணக்கில் சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்.

துண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கி எண்ணினேன். தோலிலிருந்து உள்நோக்கி எண்ண வேண்டும். கடைசி வளையம் 2023. தழும்பு இருபத்தாறாவது வளையத்துக்கு அடியில் இருக்கிறது, அதாவது 1997-ம் வருட வளர்ச்சி முடிந்து 1998 தொடங்குவதற்கு முன். ஒரு மரத்தில் மட்டும் இருபத்தேழு வந்தது. நடுவில் மழை விட்டுப் பெய்தால் தேக்கு ஒரே வருடத்தில் இரண்டு கோடு போட்டு ஏமாற்றும். மற்ற ஐந்தோடு வைத்துப் பார்த்துச் சரிசெய்தேன். ஒரு மரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

தழும்புக்கு உட்பக்கம் இருக்கும் வளையம் நூல்போல இருக்கிறது. அந்த வறட்சி எவ்வளவு கடுமை என்று எங்கள் பதிவுகளிலும் இருக்கிறது. மழை இல்லாமல் மரம் ஏறக்குறைய வளரவே இல்லை. ஆக, அந்த நெருப்புதான் இது. சந்தேகமில்லை.

நாளை மறுநாள் மலைக்குப் போகிறேன், அங்கே மரங்களில் துளையெடுக்கும் வேலை. மீதியைத் திரும்பி வந்ததும் பார்க்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

நிவேந்திரன்


புக்கிட் பெருவாங்,
5 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். மலையில் குளிர் அதிகமாக இருக்குமே, அம்மாவின் பழைய கம்பளிதான் உன்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வருடத்தை எழுதியிருக்கிறாய். வருடம் நமக்கு முன்பே தெரியும் தம்பி. நான் கேட்டது பக்கம்.

வசந்தன் ஜூலை கடைசியில் மலரை அச்சுக்குக் கொடுக்கிறான். நேற்று சந்தையில் அவன் தங்கை கலைமகளைப் பார்த்தேன். வீரமுத்து மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறதாம், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாராம். "அப்பா உங்கள எப்பவும் கேப்பாரு அக்கா. ராணி தைச்ச சட்டதான் வசதியா இருக்கும்பாரு" என்றாள். வீட்டுக்கு வந்து அன்றைக்குத் தைக்க எடுத்ததை அப்படியே வைத்துவிட்டேன்.

எழுது.

அக்கா


புக்கிட் பெருவாங்,
10 மே 2024

தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

போன வாரம் போனில் கேட்டபோது "இன்னும் பாக்கலக்கா, வேல" என்றாய். உடனே பக்கத்துத் தெருவில் கடை மாறியது பற்றிப் பேசினாய். அம்மா போனபின் மூன்று வயதிலிருந்து உன்னை நான் வளர்த்தேன். பார்க்காதவன் குரல் அப்படி இருக்காது.

என்ன இருந்தாலும் எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா


கோத்தா கினபாலு,
25 மே 2024

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. மார்ச் மாதமே பார்த்துவிட்டேன். மலைக்குப் போனது உண்மை, ஆனால் அதற்கு முந்தைய நாள் எல்லாம் தெரிந்துவிட்டது. எழுத மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

மட்டமான தரையில் நெருப்பு ஒரு பக்கமிருந்து ஓடி வரும்போது மரத்தின் முன்பக்கத்தைச் சட்டென்று தாண்டிவிடும். முதுகுப் பக்கத்தில்தான் காற்று சுழன்று, தீயை அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். அதனால் தழும்பு நெருப்பு வந்த திசைக்கு எதிர்ப்பக்கம் விழும். காட்டிலிருந்து வந்திருந்தால் லயத்துப் பக்கம் கறுத்திருக்க வேண்டும். ஆறில் ஐந்தில் உன் சிவப்புக் கோட்டுக்கு நேர் உள்ளே, காட்டுப் பக்கம் கறுத்திருக்கிறது. ஆறாவதில் இரண்டு பக்கமும் லேசாக, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நெருப்பு லயத்துப் பக்கமிருந்து தேக்குக்கு வந்திருக்கிறது அக்கா. லாலாங்கில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது.

நான் தப்பாகப் பார்த்திருக்கலாமே என்று, கதை எதுவும் சொல்லாமல், கூட வேலை செய்யும் நளினியிடம் கொடுத்தேன். அவள் பத்து நிமிடத்தில் அதையே சொன்னாள்.

நான் எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் வசந்தனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. வரி இருக்கிறபடி இருக்கும், அவ்வளவுதான். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன். ஆனால் இல்லாததை எழுதித் தரச் சொல்லாதே.

அப்பா மேல்தான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை நெருப்புக்குச்சி என்று கூப்பிட்டார்கள். உனக்குத் தெரியாது. நான் வைத்தேன், தப்பாகிவிட்டது என்று நம்மிடமாவது ஒரு நாள் சொல்லியிருக்கலாம். கடைசிவரை வாயைத் திறக்காமல் போனார். கோழை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

நிவேந்திரன்


புக்கிட் பெருவாங்,
14 ஜூன் 2024

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அதனால் எழுதியது நல்லதுதான்.

அப்பாவை இனி அந்தச் சொல்லால் சொல்லாதே. மரம் பக்கத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது இல்லையா. அந்த நெருப்பை வைத்தது நான்.

மார்ச் இருபது, வெள்ளிக்கிழமை. லயத்துக்குப் பின்னால் லாலாங்கை வெட்டிக் குவித்து எரிக்கும் வேலையை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அப்பாவிடம் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் செய்கிறேன் அப்பா, நீங்கள் படுத்திருங்கள் என்றேன். "காத்து அடிச்சா வக்காத ஆயி" என்றார். காலையில் காற்று இல்லை. பதினோரு மணிக்கு இரண்டு குவியலுக்கு வைத்தேன். எரிந்து அடங்கியது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் வீட்டுக் குடிநீரிலிருந்துதான் எடுத்தேன், அதனால் மூன்றாவது வாளியை ஊற்றவில்லை. புகை லேசாக வந்துகொண்டுதான் இருந்தது. தானாக அணைந்துவிடும் என்று நினைத்து, மஸ்ஜித் தானாவில் தையல் வகுப்புக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மதியம் காற்று எழுந்திருக்கிறது. நான் திரும்பி வரும்போது ஒன்பது வீடும் இல்லை. காளியம்மா அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கியிருந்தார்களாம். அப்பா காய்ச்சலோடு ஓடிக் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறார். கை அப்படித்தான் வெந்தது.

நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே, நெருப்பைத் தானே வைத்ததாக அப்பா மண்டோரிடமும் வீரமுத்து மாமாவிடமும் சொல்லிவிட்டார். வேலை அவருடையது, யாரும் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலையில் குழாயடியில் என்னிடம் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "நான் வச்சேன்னு சொல்லியாச்சு. ஒனக்கு இருவது வயசு. தம்பிய வளக்க ஆளு வேணும். இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது." நான் திறக்கவில்லை. அவர் சாகும்போதும் திறக்கவில்லை.

அப்பாவுக்காகக் கேட்கிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அதில் பாதி பொய். காட்டுப் புகைதான் வந்து எரித்தது, என் குவியல் அணைந்துவிட்டது என்று இருபத்தாறு வருடமாக ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அதை மரம் சொல்லும் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் உனக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கோத்தா கினபாலு,
8 ஜூலை 2024

அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். நீ நெருப்பு வைத்ததற்காக இல்லை. இருபது வயதில், தண்ணீர் இல்லாத நாளில், அப்பாவின் வேலையைச் செய்யப் போனாய். அதற்கு யார் கோபப்பட முடியும்? ஆனால் நான் பதினைந்து வயதில் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிடமாட்டேன் என்று எழுந்து போனபோது நீ அடுப்படியில் நின்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்பா இரண்டு வருடமாவது கிடைத்திருப்பார்.

இதை எழுதிவிட்டுத்தான் அடுத்ததை எழுத முடிந்தது. நீ என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்க வைத்தவள். அது எதுவும் மாறாது.

அறிக்கை இத்துடன் இருக்கிறது. இரண்டு பக்கம். ஆண்டு, பருவம், திசை, எவ்வளவு உறுதி என்பது மட்டும். நளினியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதில் அப்பா பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. அதை என்ன செய்வது என்பது உன் கையில்.

நிவேந்திரன்


புக்கிட் பெருவாங்,
23 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதில் ஒரு வரியும் தப்பில்லை.

முதலில் உன் மச்சானிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எப்ப போவணும்?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை வீரமுத்து மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே நான் மட்டும் போனேன்.

மாமா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். வசந்தனும் கலைமகளும் இருந்தார்கள். சட்டை கொண்டு வந்திருக்கிறேன் என்றுதான் கலைமகள் நினைத்திருப்பாள், கையை நீட்டினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். மூன்றாவது வாளியையும் சொன்னேன்.

பிறகு மாமாதான் கேட்டார்.

"அன்னிக்கு அவ உள்ள படுத்திருக்கான்னு ஒனக்குத் தெரியுமா ராணி?"

"தெரியாது மாமா. வேலைக்குப் போயிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

"ம்."

கலைமகள்தான் எழுந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "எங்கண்ணன் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினீங்க. எம்புள்ளைக்குப் பேரு வைக்க வந்தீங்க. எங்கம்மா படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டீங்க. எப்படிக்கா முடிஞ்சிச்சு?" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். தெரியல கலை என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசந்தன் உன் அறிக்கையை நின்றபடியே கடைசிவரை படித்தான். "இதுல பேரே இல்லையேக்கா. நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றான். என் பெயரைப் போட்டு எழுது, அப்பா பெயரை எடுத்துவிடு என்றேன்.

கிளம்பும்போது மாமா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "ஒங்கப்பன் என்னப் பஸ் ஸ்டாண்டுல பாத்தா தலயக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். ஒரு நாளு பக்கத்துல போயி அவன் மூஞ்சியில துப்பிட்டேன். தொடச்சிக்கிட்டு அப்படியே நின்னான். கொஞ்சம் எட்டி நிக்கக் கூட இல்ல." நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றுகூடலுக்கு நீ வர வேண்டாம். யாராவது ஏதாவது சொன்னால் அது எனக்கு வர வேண்டியது. உன் மச்சானுக்கு முதுகு இப்போது தேவலை. நீ நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


புக்கிட் பெருவாங்,
18 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் சுகம். ஷாந்தினியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, இப்போது பேசுகிறாள்.

அச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வசந்தன் வந்து அப்பாவின் படம் ஒன்று கேட்டான். எதற்கு என்றேன். மலரில் மறைந்தவர்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் அப்பா பெயரை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்களாம், மாமா போடச் சொன்னாராம். நம்மிடம் இருப்பது அடையாள அட்டைப் படம்தான். அதைக் கொடுத்தேன். உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேரை அடையாளமே தெரியவில்லை. மலரை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். ஏழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "1998 மார்ச் 20. தம்புசாமியின் மகள் விஜயராணி எரித்த லாலாங் குவியலிலிருந்து நெருப்பு பரவி ஒன்பது வீடுகள் எரிந்தன. காளியம்மா உயிரிழந்தார். அவரைக் காப்பாற்ற முயன்ற தம்புசாமி இரு கைகளிலும் தீக்காயம் பட்டார். மகளுக்காக அந்தப் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டு, இறக்கும்வரை சுமந்தார்." காப்பாற்ற முயன்றார் என்பது நான் எழுதச் சொன்னதல்ல. கதவை இழுத்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள், வசந்தன் தேடிப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறான்.

பக்கங்கள் புரள்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் என்னோடு விளையாடிய ஜெயமணி எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். என் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. உன் மச்சான் ஒரு பக்கம் உட்கார்ந்தார். ஷாந்தினி தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

மறைந்தவர்களின் படங்களை மேடைக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார்கள். காளியம்மா அத்தையின் படத்திலிருந்து நான்காவது அப்பா. பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் மங்கல், ஆனால் அப்பாதான். குடும்பத்துக்கு ஒருவர் போய்ப் பூ வைக்கலாம் என்று நிகழ்ச்சியை நடத்திய காளிதாஸ் மைக்கில் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. பூவும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

வசந்தன் மாமாவைத் தள்ளிக்கொண்டு போனான். மாமா மடியில் மல்லிகைச் சரம் இருந்தது. அத்தை படத்துக்குக் கை எட்டவில்லை, வசந்தன்தான் சாத்தினான். பிறகு நாற்காலி திரும்பவில்லை. மாமா என்னவோ சொன்னார், வசந்தன் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கையசைத்தான். போனேன். அத்தனை பேரும் பார்க்க அந்த நடை எனக்கு மிக நீளமாக இருந்தது.

மாமா மிச்சச் சரத்தை மடியில் வைத்து நகத்தால் நூலை அறுக்கப் பார்த்தார். முடியவில்லை. வாயில் வைத்துக் கடித்து அறுத்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"ஒங்கப்பனுக்குப் போடு" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அப்பாவுக்குப் பூ வைத்தேன். படத்தின் கண்ணாடிக்கு மேலே அப்பாவின் நெற்றியில் கை வைத்தபோதுதான், அவர் போன இந்தப் பதினேழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. மாமா என்னைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. நான் முடிக்கும்வரை நாற்காலியில் அப்படியே இருந்தார்.

கலைமகள் என்னோடு பேசவில்லை. இனியும் பேசாமல் இருக்கலாம்.

மலர் ஒன்று இத்துடன் வருகிறது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் அப்பா இருக்கிறார். தீபாவளிக்கு விடுமுறை கிடைத்தால் வா. கம்பளியைக் கொண்டுவா, ஓரம் பிரிந்திருக்கும், தைத்துத் தருகிறேன்.

என்றும் உன்,
அக்கா